கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்

என் காதுபட யாராவது ‘பாவம்’ என்று சொல்லிவிட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். போன கிழமை கறாம்பு விற்க வந்த ஒரு மனிதர், நான் கடைப் படியை மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்து, "பாவம் முதலாளி" என்று சொல்லிக்கொண்டே என் கக்கத்தில் கைகொடுக்க வந்தார். "பாவமும் வாணாம், கையும் வாணாம். மூட்டைய எறக்கி வச்சிட்டு அப்பிடிப் போய் நில்லுங்க" என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும். படியை நானே ஏறி முடித்தபிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

இந்தக் குணம் எனக்குப் பிறப்பில் வந்ததில்லை. ஒரு பொம்பிளையிடமிருந்து தொற்றியது. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இப்போது எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறி வந்து, "என்னை ஏன் கதைக்குள்ள இழுக்கிறியள்?" என்று சண்டைக்கு நிற்பார். நோயாளிகள் நாங்கள் எல்லாரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டோம். எனக்கு அது போதும்.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீளமான அறை. உள்ளே போனவுடன், இறுகின மூட்டுகளுக்குப் பூச உருக்கின மெழுகு மணக்கும். சுவரோடு ஆளுயரக் கண்ணாடி, பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் கம்பி, தாழ்வான கட்டில்கள். பக்கவாதம் வந்தவர்கள், முதுகு பிடித்தவர்கள், தோள் இறுகினவர்கள், முறிந்த கால் பொருந்தியும் நடக்கப் பயந்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே அறைதான். அதற்குள் மிஸ், எங்களுக்குப் பிசியோதெரப்பி செய்கிறவர். குள்ளம். யாழ்ப்பாணத்துப் பேச்சு. என்னைவிட வயதில் இளையவர். கொண்டையில் எப்போதும் ஒரு பேனை குத்தியிருக்கும். அதை வைத்த இடம் மறந்து மேசையெல்லாம் தேடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி ஒருவர் எழும்பவோ, காலைத் தூக்கி வைக்கவோ, பொத்தான் போடவோ தடுமாறும்போது மிஸ் கைகள் இரண்டையும் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்பார். கண் மட்டும் வேலை செய்யும். ஆள் விழப்போனால் அந்தக் கை எப்போது வெளியே வந்தது என்று தெரியாது, பிடித்திருப்பார். விழாதவரைக்கும் வெளியே வராது. நாங்கள் வியர்த்து வழிவோம். அவர் அப்படியே நிற்பார்.

"கவர்மெண்ட் சம்பளம் வாங்கிட்டு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறா" என்று என் பெரிய நானா வீட்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். பெரிய நானா என்றால் என் மூத்த சகோதரர். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்ட மனிதர் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருந்தார். அதுதான் பெரிய கரைச்சல்.

எனக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அலவத்துகொட. கண்டி டவுனில் சரக்குக் கடை: மிளகு, கறாம்பு, சாதிக்காய், ஏலக்காய். மிளகு வாங்குகிறவன் மூட்டையின் மேலே பார்த்து வாங்க மாட்டான். மேலே எல்லாரும் நல்லதைத்தான் வைப்பார்கள். முழங்கைவரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, விரலைத் திறந்துவிட வேண்டும். காய்ந்த மிளகு சரசரவென்று ஓடிவிடும். ஈரமிருந்தால் உள்ளங்கையில் ஒட்டும். அன்றைக்கும் அப்படித்தான் கையை விட்டேன். அள்ள வரவில்லை. மூட்டைக்குள் இருந்தது என்னுடைய கை மாதிரியே இல்லை. விலை கேட்க வாயைத் திறந்தேன், சொல்லும் வரவில்லை. மூட்டையோடு சரிந்துவிட்டேன். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொஞ்ச நாள் கிடந்தபிறகு மிஸ்ஸின் அறைக்குக் கொண்டுபோனார்கள். சக்கரக் கதிரையில் நான். என்னைச் சுற்றிப் பெரிய நானா, மதினி, என் மனைவி, இன்னும் யார் யாரோ. மிஸ் என் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டார். நானா பதில் சொன்னார். ஊர் கேட்டார். அதற்கும் நானாதான்.

"அவருக்கு வாய் இல்லையோ?"

"பாவம் மிஸ், வாய் கொழறுது."

"குழறட்டும். எனக்கு விளங்கும்."

பிறகு என்னை எழும்பச் சொன்னார். நானா பாய்ந்து வந்து, செத்துத் தொங்கின என் வலது கையைப் பிடித்து இழுத்தார். மிஸ் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவரும் எழும்பிவிட்டார்.

"கையை விடுங்கோ! அந்தத் தோளைப் பிடிச்சு வைக்க இப்ப தசை வேலை செய்யேல்லை. இழுத்தால் மூட்டு கழண்டு போகும். அவரைத் தொடாதையுங்கோ!"

அதைக் கேட்டு மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். "பாவமே! எப்பிடி ஈந்த மனிசன்!" (‘இருந்த’ என்பதை எங்கள் பேச்சில் ‘ஈந்த’ என்போம், ‘இரு’ என்பதை ‘ஈ’ என்போம்.)

மிஸ் கதவைக் காட்டினார். "இந்த அறைக்குள்ள அந்தச் சொல் வரக்கூடாது. பாவம் எண்டு சொல்லுறவைக்கும் அழுகிறவைக்கும் வெளியில வாங்கு போட்டிருக்கு."

எல்லாரும் வெளியே போய், சுவரோரம் கிடந்த அந்த நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்தார்கள். என் மனைவி மட்டும் அழவுமில்லை, சொல்லவுமில்லை. அவள் நின்றாள். யா அல்லாஹ், எந்தப் பேயிடம் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று நான் நினைத்தேன். எழும்பினேனா? இல்லை. இரண்டு தரம் கதிரைக்குள்ளேயே தொப்பென்று விழுந்தேன். மிஸ் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, "பாதத்தைப் பின்னால எடுங்கோ. மூக்கு முழங்காலுக்கு முன்னால வரட்டும். வரும்" என்றார். மூன்றாம் தரம் நின்றுவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், வாய் கோணி, சாரம் அவிழப்போகிற மாதிரி. சிரிப்பு வந்தது. விழுந்த நாளிலிருந்து எனக்கு வந்த முதல் சிரிப்பு.

கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சும் வந்தது. கைதான் வரவில்லை. வரவில்லை என்பதும் பிழை. முதலில் தொங்கிக்கிடந்த கை போகப் போக மடங்கி இறுகி, முட்டியாய் நின்றுவிட்டது. நானா எனக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கித் தந்திருந்தார். "இத அமத்திக்கிட்டே ஈ. பெலம் வரும்." ஊரில் பக்கவாதம் வந்த எல்லாருடைய கையிலும் அந்தப் பந்து இருக்கும். நானும் காலை முதல் மாலைவரை அமத்தினேன். நல்ல இறுக்கம் வந்தது. மிஸ் பார்த்து மெச்சிக்கொள்வார் என்று பெருமையாய்க் கொண்டுபோய்க் காட்டினேன்.

மிஸ் என் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பந்தை எடுத்தார். எடுத்ததுதான் தெரியும், ஜன்னலால் எறிந்துவிட்டார். அது வெளியே முருங்கை மரத்தடியில் போய் விழுந்தது. மிஸ் என்னையும் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, பிடிக்கிறதுக்கு உங்கட கைக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. அது அளவுக்கு மிஞ்சிப் பிடிக்குது. அதுக்கு விடத்தான் மறந்துபோச்சு. நாங்கள் விடுறதைப் படிப்பம்."

"எனக்கு ஏலா மிஸ்."

"ஏலக்காய் விக்கிற மனுசன் ஏலாது எண்டு சொல்லலாமோ?"

அவருக்கு அப்படிப் பகிடியும் வரும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அந்த அறையில் எல்லாருக்கும் அவர் ஒரே மாதிரித்தான். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழுந்து பறிக்கிற ஒரு பெண் முதுகுவலியோடு வருவாள். வலி இடுப்பிலிருந்து கால் விரல்வரைக்கும் இழுக்கும். கூடவே புருஷனும் வருவான். ஒருநாள் அவன் மிஸ்ஸின் முன்னால் நின்று உருகினான்.

"பாவம்ங்க மிஸ். ராத்திரியெல்லாம் முனகுறா. குனியக்கூட முடியல. பாத்துக்கிட்டே இருக்க முடியலங்க."

மிஸ் அவனைப் பார்க்கவில்லை. அவள் தோளில் தொங்கின பையைப் பார்த்தார். சோறு, தண்ணீர்ப் போத்தல், குடை, சந்தையில் வாங்கின கிழங்கு எல்லாம் அதற்குள் இருந்தன.

"இந்தப் பையை பஸ் ஸ்டாண்டில இருந்து ஆர் தூக்கினது?"

"நாந்தாம்மா" என்றாள் அவள்.

"அப்ப இவர்?"

"அவரு பாவம் பாவம்னு சொல்லிக்கிட்டே கூட வந்தாரும்மா."

அறை முழுக்கச் சிரித்தது. கால் முறிந்து படுத்திருந்தவர்கூடக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. பையைக் கழற்றி அவன் தோளில் மாட்டிவிட்டார். "இனி இது உங்கட. வீட்டில தண்ணி எடுக்கிறதும் உங்கட. ‘பாவம்’ எண்ட சொல்லை அந்த வெளி வாங்கிலயே வைச்சிட்டுப் போங்கோ." பிறகு அவளைக் கட்டிலுக்குக் கூட்டிப்போய், தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமக்கும்போது இடுப்பை எப்படி வைப்பது, கூடையை இறக்கும்போது எந்தக் காலை மடக்குவது என்று தானே ஒரு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்று காட்டினார். முதலில் அவர் மாட்டியது பிழை. அவள் திருத்திக் கொடுத்தாள். மிஸ் அதைப் படித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அதற்குப் பிறகு அந்தப் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கையை வீசிக்கொண்டு முன்னால் வருவாள்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டம் ஒன்றில் சோறு. சுற்றி ஆறு பேர் குந்தி ஒன்றாய்ச் சாப்பிடுவார்கள். வலது கையால். நான் வழக்கம்போலப் போய் ஒரு சஹனடியில் உட்காரப் பார்த்தேன். இரண்டு பேர் ஓடிவந்து என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய், மூலையில் ஒரு சின்ன மேசையில் இருத்தினார்கள். தனித் தட்டு. கரண்டி. "பாவம், அவருக்கு வசதியா ஈக்கட்டும்." அந்த மூலையிலிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும் தெரிந்தது. ஊரையே கூட்டி வைத்துச் சாப்பாடு போட்டவன் நான். அந்தக் கரண்டியைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்!

அது போதாதென்று அந்தக் கிழமையே நானா வீட்டுக்கு வந்தார். என் மூத்த மகளின் நிகாஹ் பெருநாளுக்குப் பிறகு என்று குறித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் நிகாஹ் என்றால் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, அவருடைய வலது கையைத் தன் வலது கையால் பிடித்து, நிகாஹ் நடத்திவைக்கும் லெப்பை சொல்லச் சொல்ல, ‘என் மகளை உமக்குத் தந்தேன்’ என்று சொல்ல வேண்டும். அதற்குக் ‘கை கொடுப்பது’ என்று பெயர்.

"தம்பி, நான் லெப்பையிட்ட கதச்சிட்டேன்" என்றார் நானா. "ஒன்ட இடத்தில நான் கை குடுக்கிறேன். மார்க்கத்தில அதுக்கு எடம் ஈக்கிது. நீ பக்கத்தில குந்திப் பாரு. அந்தக் கைய மடக்கிக்கிட்டு சபைக்கு முன்னுக்கு எனத்துக்கு ஒனக்கு இந்தப் பாடு? பாக்கப் பாவமா ஈக்கிது."

பதில் சொல்லப் போனால் வாய் குழறும், குழறினால் இன்னொரு தரம் பாவம் என்பார். மகள் கதவடியில் நின்றிருந்தாள். அவள் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சஹன் என்றால் என்ன, கை கொடுப்பது என்றால் என்ன என்று விளக்கமாய்க் கேட்டார்.

"அப்ப ஆறு பேர் ஒரு தட்டில. உங்களை மட்டும் எடுத்து வெளியில வைச்சிட்டினம்."

"ஓ மிஸ்."

"மகள் ஆருடைய மகள்?"

"என்ட."

"அப்ப கை ஆர் குடுக்கிறது?"

நான் என் மடங்கின கையைப் பார்த்தேன்.

"வாயைத் திறந்து சொல்லுங்கோ நானா."

"நான்."

"ஓம். அதுக்கு என்ன செய்ய வேணும் எண்டு இப்ப பாப்பம்."

அன்றைக்கு என் மனைவியிடம் மிஸ் கேட்டது, ஒரு வாளி நிறைய மிளகு. வீட்டில் பாயில் உட்கார்ந்து வாளியை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். கையை உள்ளே விட வேண்டும். ஒரு பிடி அள்ள வேண்டும். அதுவரைக்கும் லேசு. பிறகுதான் வேலை: அள்ளினதை விட வேண்டும். உள்ளங்கையில் ஒரு மிளகும் மிஞ்சக்கூடாது. விட்டு முடிக்காமல் அடுத்த பிடி இல்லை.

"பலத்தால விரலைத் திறக்கப் பாத்தியள் எண்டால் அது இன்னும் இறுகும். மணிக்கட்டைக் கீழ தொங்க விடுங்கோ. மூச்சை வெளியில விடுங்கோ. பெருவிரலில இருந்து ஒவ்வொண்டாக் கேளுங்கோ. அவசரப்பட்டால் இறுகும். பயந்தால் இறுகும். கோவிச்சால் எல்லாத்தையும்விட இறுகும்."

கோபிக்காதே என்று எனக்குச் சொல்வது, மழையிடம் பெய்யாதே என்று சொல்வது மாதிரி. வாளிக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் நானாவின் முகம் வரும். மூலையில் போட்ட அந்தச் சின்ன மேசை வரும். கரண்டி வரும். கை கல்லாய் இறுகிவிடும். மிளகை முட்டியோடு நிலத்தில் குத்துவேன். மனைவி கூட்டி அள்ளுவாள். எங்கள் வீட்டில் அப்போது நடந்தால் காலில் மிளகு குத்தும், குடித்தால் தேத்தண்ணியில் மிளகு மிதக்கும். "மிளகு யாவாரிக்கு வாக்கப்பட்டா மிளகு தான்" என்று அவள் ஒருநாள் தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள்.

ஒரு கட்டத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. நானாமேல் எனக்குள்ள கோபம் என் கைக்குள்ளேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கையைத் திறக்க முடியாது. விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். வாளிக்கு முன்னால் இருக்கிற நேரம் மட்டும் அதைக் கதவுக்கு வெளியே வைத்தேன், மிஸ் சொந்தக்காரர்களை வாங்கில் வைத்த மாதிரி. அப்போதுதான் மிளகு முதல் தரம் சரசரவென்று ஓடியது. அந்தச் சத்தத்தை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்! அன்றைக்கு மாதிரி ஒருநாளும் கேட்டதில்லை.

அவரிடம் நானும் ஒருநாள் ஏச்சு வாங்கினேன். யுத்தத்தால் வடக்குக்குப் போகிற பாதை மூடிக்கிடந்த காலம் அது. மிஸ்ஸின் தாய் அங்கே, இவர் இங்கே. தாய்க்குச் சுகமில்லை என்று யாரோ மூலம் செய்தி வந்திருந்தது. போக வழியில்லை. அன்றைக்குக் கண் வீங்கித்தான் வேலைக்கு வந்தார். வந்து, வழக்கம்போல மெழுகு அடுப்பைப் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம் மிஸ் நீங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கைகள் இரண்டும் அக்குளுக்குள் போயின.

"நானா, வெளியில வாங்கு இருக்கு."

போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் அந்தத் தோட்டத்து மனிதன் பையோடு உட்கார்ந்திருந்தான். "உங்களையுமாங்க?" என்றான். "ஓ, என்னையும்தான்" என்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "வாங்கோ. மணிக்கட்டைத் தொங்க விடுங்கோ." அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லை அவர் எங்களுக்காக மட்டும் விரட்டவில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

நிகாஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. முன் ஹோலில் ஆண்கள், உள் அறையில் பெண்கள், நடுவில் திரைச்சீலை. மிஸ்ஸும் வந்திருந்தார். சேலை உடுத்தி, கொண்டையில் பேனை இல்லாமல். பெண்கள் பக்கம் போய்விட்டார்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார், "கை குடுக்கிறது ஆரு?"

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்தார். "நான்தான். தம்பி பாவம், அவருக்கு..."

"வாப்பா உசிரோட ஈக்கிறேன்" என்றேன்.

குழறாமல் வந்தது. நான் ஊன்றிவந்த பொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒருவரும் பிடிக்காமல், மாப்பிள்ளைக்கு முன்னால் பாயில் இறங்கி உட்கார்ந்தேன். இறங்கினது அழகாய் இல்லை, கடைசியில் கொஞ்சம் விழுந்தேன். ஆனால் நானே இறங்கினேன். மணிக்கட்டைத் தொங்கவிட்டேன். விரல்கள் திறந்தன. மாப்பிள்ளை கையைத் தந்தார். பிடித்தேன். லெப்பை சொல்லச் சொல்ல, மகளின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாய் நிறுத்திச் சொன்னேன். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். எல்லாம் முடிந்தது. லெப்பை துஆவுக்குக் கையேந்தினார். சபையே கையேந்தியது.

என் கை மாப்பிள்ளையின் கையை விடவில்லை.

பயத்தில் இறுகிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் விரல்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. "வாப்பாக்கு மகள உட மனசில்ல" என்று யாரோ பின்னால் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதெல்லாம் கதை. எனக்கு அந்த நேரம் மகளும் நினைவில் இல்லை, ஒருவரும் நினைவில் இல்லை. நானா குனிந்து என் விரல்களைப் பிரிக்கக் கையை நீட்டினார். "பாவம், உடு தம்பி, நான் எடுத்து உடுறேன்." உச்சந்தலையில் ஏறியது எனக்கு. கை இன்னும் இறுகியது. மாப்பிள்ளை உதட்டைக் கடித்தார்.

"தொடாதீங்க நானா" என்றேன்.

சத்தமாய் இல்லை. நானா முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பேரீச்சம்பழமும் தேத்தண்ணியும் வாங்கித் தந்து வளர்த்த மனிதர். கோபத்தைக் கதவுக்கு வெளியே வைத்தேன். மூச்சை விட்டேன். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டேன். லெப்பை ஏந்தின கையோடு காத்திருந்தார், சபையும் காத்திருந்தது. "அவசரமில்ல மாமா" என்றார் மாப்பிள்ளை, மெல்ல. அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு இன்னொரு மகளையும் கொடுக்கலாம். பெருவிரலைக் கேட்டேன். திறந்தது. சுட்டுவிரல். நடுவிரல். மோதிரவிரல். சின்னி விரல் மட்டும் மாப்பிள்ளையின் கையில் கொக்கி போட்டுக்கொண்டு நின்றது. இன்னொரு மூச்சு. அதுவும் விட்டது.

இரண்டு கையையும் ஏந்தினேன். வலது கை பாதிதான் விரிந்திருந்தது. அல்லாஹ்வுக்கு அது போதும். "ஆமீன்" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரே சஹனில் குந்தினேன். என் பக்கத்தில் நானா. வாய்க்குப் போன சோற்றைவிடக் கீழே விழுந்தது அதிகம். நானா கண்டும் காணாதவர் மாதிரி, இறைச்சித் துண்டை மட்டும் என் பக்கமாய்த் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி வேணுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மிஸ் போகும்போது வாசலுக்கு வந்தேன். பெரிய ஒரு வாழ்த்தை எதிர்பார்த்துத்தான் வந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"சின்னி விரல் பிந்தினது நானா" என்றார். "திங்கக்கிழமை நேரத்துக்கு வாங்கோ."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு பஸ் பாதையைப் பார்த்து நடந்தார். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ திரைக்குப் பொறத்தால நிண்டு பாத்துக்கிட்டு ஈந்தா" என்றாள். "கை ரெண்டும் அக்குளுக்குள்ள. ஒங்கட வெரல் தொறந்த பொறவும் அவட கைய எடுக்க ஏலாமப் போச்சு. அப்பிடி எறுகி ஈந்திச்சு. நான்தான் ஒவ்வொண்டாப் புடிச்சு வெளிய எடுத்து உட்டேன்."

"நீ ஒண்டும் செல்லல்லயா?"

"பாவம்ண்டு செல்ல வாய் வரைக்கும் வந்திச்சு. செல்லல்ல."

கெட்டிக்காரி. சொல்லியிருந்தால், எங்கள் வீட்டிலிருந்தே எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்.